தென் அமெரிக்காவுக்குக் குரங்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

மிளகுக்கொடி:
ஒரே உயிரினத்தின் புதைபடிவம் கடலுக்கு இருபுறமும் கிடைத்தால் அந்தக் கண்டங்கள் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்றுதான் படித்தேன். சரி. ஆனால் பெருவின் அமேசான் பகுதியில் கிடைத்த பெருபிதிகஸ் என்ற குரங்கின் பற்கள் ஆப்பிரிக்கப் புதைபடிவங்களை ஒத்திருப்பதாக 2015இல் அறிவித்தார்கள். வயது ஏறத்தாழ 3 கோடி ஆண்டு. அட்லாண்டிக் பிளந்தோ சுமார் 10 கோடி ஆண்டு ஆகிறது. நடுவில் கடல் இருக்கும்போது குரங்கு எப்படி வந்தது?

பாறைமடிப்பு:
முதலில் வயதைப் பார்க்கணும், அதுதான் எல்லாமே. நீங்கள் படித்தது குளோசோப்டெரிஸ், லிஸ்ட்ரோசாரஸ் பற்றி இருக்கும். பெர்மியன் என்ற பழைய புவிக்காலத்து குளோசோப்டெரிஸ் மரம் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா என்று ஐந்து இடத்திலும் கிடைக்கிறது. அதுவும் தனியாக இல்லை, கூடவே வளர்ந்த செடிகொடிகளோடு கூட்டமாக. ஒரு காடே கடல் தாண்டாது. துருவப் பயணி ஸ்காட்டின் குழு தென்துருவத்திலிருந்து திரும்பும்போது உயிர்போகிற நிலையிலும் 16 கிலோ கல்லைக் கீழே போடாமல் இழுத்துவந்தது, அதில் இந்த இலைப்படிவமும் இருந்தது. லிஸ்ட்ரோசாரஸ் தரைவிலங்கு, 1969இல் அண்டார்டிகாவில் அதைக் கண்டெடுத்த பிறகு கண்டப்பெயர்ச்சியை, அதாவது கண்டங்கள் நகர்ந்து பிரிந்தன என்பதை, மறுப்பது கஷ்டமாகிவிட்டது. இவை 25 கோடி ஆண்டுக் கணக்கு, உங்கள் குரங்கு நேற்று வந்த ஆள்.

ஈரமணல்:
குரங்கு மிதந்துதான் வந்திருக்கணும். வெள்ளத்தில் கரையோரம் மரமும் மண்ணுமாகப் பெயர்ந்து தீவுபோல மிதந்து போகும். 1995இல் கரீபியனில் புயலுக்குப் பின் குறைந்தது 15 பச்சை இகுவானா என்ற பெரிய பல்லிகள் வேரோடு சாய்ந்த மரங்களின் மேல் அங்குவில்லா தீவில் வந்து இறங்கின, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அட்லாண்டிக்கும் அன்றைக்கு இவ்வளவு அகலம் இல்லை.

பாறைமடிப்பு:
மிதந்தது என்பதை எதற்கெடுத்தாலும் சொல்லிவிடவும் கூடாது. குட்டியைப் பையில் வளர்க்கும் கங்காரு மாதிரியான பைம்மாவினங்கள் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பதற்கு மரக்கட்டையே தேவையில்லை, 1982இல் அண்டார்டிகாவின் சீமோர் தீவில் அவற்றின் படிவம் கிடைத்தது, ஆக அது மூன்றும் ஒட்டியிருந்த காலத்துத் தரைவழி. இதற்கு நேர்மாறு, குரங்குக்கு உறவான லெமூரின் கதை. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருக்கிற லெமூர் உறவினங்களை இணைக்க 1864இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் லெமூரியா என்று, பின்னால் கடலில் மூழ்கிப்போன ஒரு கண்டத்தையே கற்பனை செய்தார். லெமூர்களின் மூதாதைகள் ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்து போனதாகத்தான் இன்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். மரக்கட்டை போதும் என்ற இடத்தில் கண்டத்தை மூழ்கடித்துவிட்டார் மனுஷன்.

மிளகுக்கொடி:
அப்போ ஒரே ஒரு தடவை நடந்த அதிர்ஷ்டமா?

ஈரமணல்:
இல்லை. அதே பெரு தளத்தில் உக்காயாலிபிதிகஸ் என்ற இன்னொரு குரங்கை 2020இல் அறிவித்தார்கள், வெறும் நான்கு பற்கள். அது ஆப்பிரிக்காவில் மட்டுமே தெரிந்திருந்த வேறொரு குடும்பம், ஆக தனியாக வந்திருக்கணும். தென் அமெரிக்காவின் கொறிவிலங்கான கினிப்பன்றியின் மூதாதைகளும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவைதான். குறைந்தது மூன்று தடவையாவது அந்தக் கடலைத் தாண்டியிருக்கின்றன.