வைட்டல்ஸுக்குத் தமிழ் வேணும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது

கொன்றை:

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு சொல் வேணும். ஓபியில (வெளிநோயாளிப் பிரிவுல) வேலைக்குச் சேரப்போற உதவியாளர்களுக்கு (பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்கதான் அதிகம்) ஒரு பயிற்சிக் கையேடு தமிழாக்கம் பண்ணிட்டிருக்கேன். கை கழுவுறது, எடை உயரம் எடுக்குறது, பயன்படுத்துன ஊசிய எதுல போடுறது, இதெல்லாம் எப்படியோ தமிழ்ல வந்துருச்சு. மூணாவது பாடத்துலதான் மாட்டிக்கிட்டேன். நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, உடல் வெப்பம், ரத்த அழுத்தம் இந்த நாலுக்கும் சேத்து 'வைட்டல் சைன்ஸ்'னு ஒரே பேர் வருது, பக்கத்துக்குப் பக்கம் வருது. இப்போதைக்கு 'முக்கிய அறிகுறிகள்'னு போட்டு வச்சிருக்கேன், எனக்கே பிடிக்கல. வெள்ளிக்கிழமை ஃபைல் அச்சகத்துக்குப் போயாகணும். ஆளுக்கொரு சொல் குடுங்க, தயவுசெஞ்சு ஒரு சொல் மட்டும்.

வார்டு அக்கா:

கொன்றை, 'அறிகுறி' மட்டும் வேண்டவே வேண்டாம்மா. நான் இந்தப் பிள்ளைங்களுக்குத்தான் கிளாஸ் எடுக்கிறேன். முதல் வாரம் பூரா சொல்லிக் குடுக்கிறதே, அறிகுறிங்கிறது நோயாளி வாயால சொல்றது, தலை சுத்துது, நெஞ்சு படபடங்குது, அது ஒரு பத்தி. நீ எண்ணி, அளந்து எழுதுறது வேற பத்தின்னுதான். ரெண்டையும் ஒரே பேர்ல போட்டா 'காய்ச்சல் மாதிரி இருக்கு'ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க, எத்தனை டிகிரின்னு இருக்காது. அதோட பிரஷர் 120/80 இருக்குன்னா அது எந்த நோய்க்கு அறிகுறி? ஒண்ணுத்துக்கும் இல்லை, அந்தாளு நல்லாருக்கான்னு அர்த்தம். எங்க வார்டுல 'வைட்டல்ஸ் பாத்தாச்சா'ன்னுதான் கேப்போம். அப்படியே போட்டுருங்களேன்.

சொல்லேர்:

'அப்படியே போட்டுருங்களேன்' என்பதற்கு ஒரு குழு எதற்கு? உய் என்னும் வேரைப் பாருங்கள். உய்தல் பிழைத்தல், வாழ்தல். 'உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு' என்கிறார் வள்ளுவர். உய்யிலிருந்தே உயிர். உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல், நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு, ஆக மூச்செண்ணிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உயவு என்றால் வருத்தம், நோயாளியின் நிலை அதுதான், அதே உயவுதான் இன்றைக்கு வண்டி அச்சுக்கு இடும் உயவு எண்ணெய் ஆகியிருக்கிறது, உராய்வின் வருத்தம் நீக்குவதால் அப்பெயர் வந்தது என்பது என் துணிபு. எனவே என் பரிந்துரை உய்குறி. மூன்றே எழுத்து போல ஒலிக்கும், கையேட்டில் இடமும் மிச்சம்.

வார்டு அக்கா:

ஐயா, பிரஷர் பாக்க ஆரம்பிச்சு வண்டிக்கு ஆயில் போடுற இடத்துக்கு வந்துட்டோம்.

நன்னூலான்:

உய்குறி வினைத்தொகை, எனவே க் மிகாதது சரி, அதைப் பாராட்டுறேன். ஆனா விரிச்சுப் பாருங்க: உய்ந்த குறி, உய்கின்ற குறி, உய்யும் குறி. குறிதான் பிழைச்சுக்குது, நோயாளி கதி என்னாச்சு? பேசாம 'உயிர்க்குறி'ன்னு வச்சுக்கலாம், உயிர்க்கு குறி, நான்காம் வேற்றுமைத் தொகை. க் ஒற்றை மட்டும் விட்டுறாதீங்க, நாளிதழ்க்காரங்க விட்டுர்றாங்க.

சொல்லேர்:

உண்கலம் என்றால் கலமா உண்கிறது? சுடுகாடு என்றால் காடா சுடுகிறது? வினைத்தொகையில் பெயர் எழுவாயாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த நூற்பா சொல்கிறது, ஐயா அவர்கள் காட்டட்டும்.

நன்னூலான்:

காட்ட முடியாது, ஒத்துக்கிறேன், உண்கலம் நல்ல அடி. ஆனாலும் பிளஸ் டூ பொண்ணு அதை எப்படிப் படிப்பான்னு பாருங்க.

கிள்ளான்காரர்:

மலேசியாவுல கிள்ளான்லருந்து ஒரு விஷயம். உங்க கையேட்டுல 'மருத்துவ உதவியாளர்'னு போட்டிருந்தா எங்க ஊருக்கு அனுப்பாதீங்க. எங்க அப்பா காலத்துத் தோட்டத்துல டிரசர்னு ஒருத்தர் இருப்பாரு, காய்ச்சலுக்குத் தண்ணி மருந்து குடுக்கிறதுலருந்து புண்ணு கட்டுறது வரைக்கும் அவருதான், தோட்டத்து ஜனத்துக்கு டாக்டரே அவருதான். அந்த வழியில வந்தவங்கதான் அப்புறம் மெடிக்கல் அசிஸ்டன்ட் ஆனாங்க, 1977ல அவங்களுக்குன்னு தனிப் பதிவுச் சட்டமே இருக்கு, இப்ப பேரு உதவி மருத்துவ அதிகாரி. டிப்ளமா படிச்சு, நோயாளியப் பாத்து மருந்து எழுதுறவங்க. அமெரிக்காவுல அதே மெடிக்கல் அசிஸ்டன்ட்னா நோயாளிய ரூம்ல உக்காரவச்சு வைட்டல்ஸ் எடுத்துட்டு டாக்டரக் கூப்பிடுறவங்க. ரெண்டும் ஒரே பேரு, வேலை மலைக்கும் மடுவுக்கும்.

நன்னூலான்:

பேர் வேணும்னா குறள்லயே இருக்கே! 950: 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.' நோயாளி, டாக்டர், மருந்து, நாலாவதா உழைச்செல்வான், பக்கத்துல நின்னு செய்றவன். பரிமேலழகர் 'பிழையாமல் இயற்றுவான்'னு உரை சொல்றார். பிழையாமல்ங்கிற ஒரு சொல்லுக்காகவே அதை எடுத்துக்கலாம், திறன் பயிற்சின்னு தனியா ஒரு பாடம் எழுத வேண்டாம். பொண்ணுங்கதான் அதிகம்னா உழைச்செல்வர்னு வைங்க, சுருக்கமா உழையர்.

மானிப்பாயான்:

உழையர் எண்டால் எல்லாரும் உழைப்பாளி எண்டுதான் விளங்குவினம். இல்லாட்டி மான் எண்டு, இல்லாட்டி ஏழிசையில குரல் துத்தம் கைக்கிளைக்குப் பிறகு வாற உழை எண்டு. பரிசோதிச்சுப் பாருங்கோ.

நான் சொல்ல வந்தது வேற. யாழ்ப்பாணத்தில எங்கட ஊர் மானிப்பாயில பெடியளுக்கு மருத்துவம் படிப்பிச்சவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் எண்ட அமெரிக்க மிஷன் டொக்டர், 1847இல இலங்கைக்கு வந்து இறங்கினவர், 1860களில இருந்து தமிழிலேயே படிப்பிச்சவர். அதுக்காக இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் எண்டு புத்தகங்கள் போட்டவர். அவற்றை முறை என்னெண்டால் முதலில தமிழில இருக்கிற சொல்லைத் தேடு, இல்லாட்டி வடமொழியைப் பார், அதுவும் இல்லாட்டி ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில எழுது. கெமிஸ்தம் எண்டதைக் கேட்டு இண்டைக்குச் சிரிக்கலாம், ஆனால் அந்தச் சொல்லோட படிச்சவை ஊர் ஊராய்ப் போய் வைத்தியம் செய்தவை. சொல் அழகாய் இருந்ததோ எண்டு நோயாளி கேக்கேல்லை.

சொல்லேர்:

கெமிஸ்தம் இன்றைக்கு எங்கே? வேதியியல் நிற்கிறது. இலங்கையில் உங்கள் இரசாயனவியல் நிற்கிறது. கிறீன் மீது எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் தோற்ற சொல்லை முன்னுதாரணமாக்க வேண்டாம்.

வார்டு அக்கா:

எல்லாரும் பெரியவங்க, கோச்சுக்காதீங்க, இன்னைக்குக் கிளாஸ்ல 'உயிர்க்குறி'ய போர்டுல எழுதிப் பாத்தேன். பின் பெஞ்சுல ஒரே சிரிப்பு. ஒருத்தி எந்திரிச்சு 'மிஸ், ஓபியில உக்காந்து குறி பாக்கணுமா, குடுகுடுப்பைக்காரன் மாதிரியா'ன்னு கேக்குறா. 'அடுத்த பேஷண்டுக்குக் குறி பாத்தாச்சா'ன்னு ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, தெரியும். அதுக்கு மேல அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு, அத நான் எழுத மாட்டேன். யாராச்சும் 'உயிர்நிலை'ன்னு கொண்டாந்துறாதீங்க, 'உயிர்நிலையில அடிபட்டுருச்சு'ன்னு ஆம்பளைங்க எதுக்குச் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஏன் இவ்வளவு பிடிவாதமா நிக்கிறேன்னா, இந்தப் பாடத்துலதான் பழகுற கை கெட்டுப்போகுது. மூச்சு எண்ணிக்கைய எடுத்துக்கோங்க. எத்தனையோ சீட்டு பாத்திருக்கேன், வரிசையா எல்லாருக்கும் 18, 18, 20, 18. எண்ணவே இல்லைன்னு அர்த்தம். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12லருந்து 20 சாதாரணம்னு புத்தகத்துல இருக்கு, அதுக்குள்ள ஒரு நம்பர எழுதிட்டுப் போயிர்றது. நான் சொல்லிக் குடுக்கிறது, நாடி பாக்குற கைய எடுக்காத, மணிக்கட்டுலயே வச்சுக்கிட்டு நெஞ்சு ஏறி இறங்குறத எண்ணு, எண்ணப்போறேன்னு சொல்லாத, சொன்னா அவங்க மூச்சு மாறிரும். நாடிய பெருவிரல் வச்சுப் பாக்காத, உன் துடிப்பையே எண்ணிருவ. பிரஷருக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உக்கார வை, முதுகு சாஞ்சிருக்கணும், கால் தரையில இருக்கணும், கால்மேல கால் போடக்கூடாது, கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும், பேச்சுக் குடுக்காத. கையில சதை அதிகம் இருக்கிறவங்களுக்குச் சின்னப் பட்டையச் சுத்துனா பிரஷர் இருக்கிறதவிடக் கூடக் காட்டும், அப்புறம் இல்லாத பிரஷருக்கு மாத்திரை ஆரம்பிச்சிருவாங்க. விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டுறதுக்கு முன்னாடி நகப்பூச்சு இருக்கான்னு பாரு. இத்தனையும் 'அளக்கிறது'. கணிக்கிறதும் இல்ல, குறி பாக்குறதும் இல்ல. அதனால எந்தச் சொல் வந்தாலும் அதுக்குள்ள அளவுன்னு இருக்கணும், எனக்கு அது போதும்.

கொன்றை:

அக்கா, இதை அப்படியே கையேட்டுல போட்டுக்கலாமா?

வார்டு அக்கா:

போடு, பேர் வேண்டாம்.

நன்னூலான்:

அளவுன்னா 'உயிரளவு'. ஆனா தமிழ் படிச்சவன் காதுல உயிரளபெடைன்னு விழும். 'மெய்யளவு'ன்னா இன்னும் அழகு, மெய்னா உடம்பு, மெய்னா உண்மை, அக்கா கேக்குற உண்மையான அளவு. உயிருக்கு அளவு மாத்திரைதானே, 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை'. இலக்கணத்துல கண் இமைக்கிற நேரம், மருந்துக்கடையில பாராசிட்டமால். ஓபியில ரெண்டும் தேவைப்படுது பாருங்க.

கிள்ளான்காரர்:

சித்த வைத்தியத்துல எட்டு வகைத் தேர்வு இருக்குல்ல, நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். ஏற்கனவே நம்மகிட்ட இருக்கிற பட்டியல் அது. அந்தக் கணக்குல இதுக்கு 'நால்வகைத் தேர்வு'ன்னு பேர் வச்சா என்ன?

வார்டு அக்கா:

நாலுன்னு எண்ணை வச்சுப் பேர் வச்சா மாட்டிக்குவோம். கொரோனாவுக்கு அப்புறம் ஆக்சிஜன் அளவு அஞ்சாவதா சேந்துருச்சு, வீட்டுக்கு வீடு விரல்ல மாட்டிப் பாத்தாங்களே. அமெரிக்காவுல 1990கள்ல வலிதான் அஞ்சாவதுன்னு பெரிய பிரச்சாரமே பண்ணாங்க, எல்லா நோயாளிகிட்டயும் பத்துக்கு எத்தனைன்னு கேக்க வச்சாங்க, வலி மாத்திரை தாராளமாப் போச்சு, அப்புறம் அவங்களே அதைக் கைவிட்டாங்க. வலி நோயாளி சொல்றது, அளக்கிறது கிடையாது, திரும்ப நான் முதல்ல சொன்ன இடத்துக்கே வருது.

மானிப்பாயான்:

'அடிப்படை அளவுகள்' எண்டு வைக்கேலாதோ?

கொன்றை:

யோசிச்சேன். எடை, உயரமும் அடிப்படை அளவுதானே, அது ரெண்டாவது பாடத்துல இருக்கு. குழப்பும். இன்னைக்கு வியாழன். என் யோசனை உடலியக்க அளவுகள். நாடி, மூச்சு, சூடு, அழுத்தம் எல்லாமே உடம்பு இயங்குறத அளக்கிறது, எடையும் உயரமும் அதுல வராது. சிரிப்பு வராது, குறி வராது, அளவு இருக்கு. தலைப்புல இது, பாடத்துக்குள்ள பேச்சு வர்ற இடத்துல 'வைட்டல்ஸ்'. சரின்னா சரின்னு மட்டும் எழுதுங்க.

வார்டு அக்கா: சரி.

கிள்ளான்காரர்: சரி, கொஞ்சம் நீளம்.

நன்னூலான்: மெய்யளவுக்கு ஆள் இல்லைன்னா சரி.

மானிப்பாயான்: உடற்பயிற்சி வகுப்பு மாதிரி இருக்கு, பரவாயில்லை, சரி.

சொல்லேர்:

சரியில்லை. ஒரு சொல் கேட்டீர்கள், இரண்டு சொல் அமைக்கிறீர்கள், பிறகு உள்ளே வைட்டல்ஸ் என்றே எழுதுகிறீர்கள். நாளை இந்தப் பெண்கள் 'உடலியக்க அளவுகள் பார்த்தாயிற்றா' என்று கேட்பார்களா? மாட்டார்கள். சின்னச் சொல் கொடுத்தால்தான் வாய் ஏற்கும். என் சொற்பட்டியலில் உய்குறி இருக்கும்.

வார்டு அக்கா:

அதுல ஐயா சொல்றது உண்மைதான், கேக்க மாட்டாங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல 2021லருந்து வீட்டுக்கு வந்து அளக்கிறாங்களே, அவங்களும் 'பிரஷர் பாக்க வந்திருக்கோம், சுகர் பாக்க வந்திருக்கோம்'னுதான் சொல்றாங்க, மொத்தமா ஒரு பேர் சொல்லிக் கேட்டதில்லை.

கொன்றை:

அனுப்பிட்டேன். தலைப்புல உடலியக்க அளவுகள். ஆனா ஓபி சீட்டு மாதிரிப் படத்துல பத்தி குறுகலா இருக்கு, அந்தத் தலைப்பு அடங்கல, அச்சகத்துக்காரர் எழுத்தைச் சின்னதாக்குனா கண்ணுக்கே தெரியல. அதனால சீட்டுல மட்டும் மொத்தப் பேரை எடுத்துட்டு நாடி, மூச்சு, சூடு, பிரஷர்னு நாலு கட்டமாப் போட்டாச்சு. எல்லாருக்கும் நன்றி.

சொல்லேர்:

சீட்டில் 'பிரஷர்' ஏன்? குருதியழுத்தம் என்று போட ஒரு கட்டம் போதும்.

மானிப்பாயான்:

எங்கட பாடப்புத்தகத்தில குருதியமுக்கம். அழுத்தம் எண்டது வேற, அமுக்கம் எண்டது வேற, அதை முதலில தீர்ப்பம்.