மார்பகக் கட்டியும் ஆயுர்வேத வைத்தியமும்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

குமரிக்காரி

மைனி (மதினி) வைத்தியசாலைக்குப் போனது தோள்வலிக்காகத்தான். மார்பைப் பற்றிய பேச்சே அன்று எங்கள் யார் வாயிலும் வரவில்லை. நாகர்கோவில் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தைலமும் அரிஷ்டமும் இருக்கும் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. தோளைப் பார்ப்பதற்காகத் திரைக்குப் பின்னால் ரவிக்கையைக் கழற்றச் சொல்லி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கும்படி அந்தப் பெண் வைத்தியர் கேட்டார். மைனி தூக்கியதும் வலது மார்பின் மேற்புறத்தில், அக்குளை ஒட்டி, சிறு குழி ஒன்று விழுந்தது. கையை இறக்கியதும் குழி மறைந்தது. மறுபடியும் தூக்கச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன்.

விரல் நுனிகளை மடக்காமல் பதித்து அந்த இடத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள் மைனி, சற்றுப் பெருமையோடு. தோளுக்கென எழுதத் தொடங்கியிருந்த சீட்டை வைத்தியர் கிழித்துப்போட்டார்; அறுவை மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பஸ் ஏறி வந்தவளுக்கு ஒரு குப்பி கஷாயம்கூட இல்லையா என்று மைனி சண்டைக்கே போய்விட்டாள். கஷாயம் எங்கும் ஓடிப்போகாது, முதலில் ஊசிப் பரிசோதனையின் முடிவோடு வாருங்கள் என்று மட்டும் அவர் சொன்னார்.

முடிவில் இரண்டாம் நிலைப் புற்று என்று தெரிந்து சிகிச்சையும் நடந்தது. என்னை இன்னும் அரிப்பது வேறு. தினமும் தலைவாரும்போது மைனியின் கைகள் உயர்ந்துதானே இருந்திருக்கும்? கண்ணாடியில் முகத்தையும் நெற்றிப்பொட்டையும் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்று நம் வீடுகளில் யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

நொய்யல்கரை

மேலே எழுதியவருக்கு நல்ல வைத்தியர் வாய்த்தார். எங்கள் சித்திக்கு வாய்த்தவர் பற்று போட்டார். இடது மார்பில் இருந்த கட்டியின்மேல் ஏதோ பச்சிலையை அரைத்துத் தடவி, துணி வைத்துக் கட்டி, காய்ந்தபின் வெந்நீரால் எடுக்கும்படி சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் அது நடந்தது. ஒருநாள் சித்தியால் முதுகை வளைக்க முடியாமல் என்னைத் துணிக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். காய்ந்த பற்று ஓடு ஓடாகக் கழன்று வந்தது. அதன் கீழே தோல் சிவந்து, தடித்து, மயிர்க்கால்கள் எல்லாம் புள்ளி புள்ளியாகக் குழிந்து, ஆரஞ்சுப் பழத்தோலைப் போலவே இருந்தது. முலைக்காம்பு உள்ளே இழுபட்டிருந்தது. மருந்தின் சூட்டில் தோல் வெந்துவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். வைத்தியரிடம் காட்டியபோது அவர் முகம் மலர்ந்து, கட்டி பழுக்கத் தொடங்கிவிட்டது, இனி உடைந்து வெளியேறிவிடும் என்றார்.

அது உடையவில்லை. கோயம்புத்தூரில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது தோல் வரைக்கும் நோய் ஏறியிருந்தது. சித்தி இப்போது இல்லை. ஆயுர்வேதத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால், என் பதில் ஒரே சொல்தான்: தாமதம்.

பி.ஏ.எம்.எஸ். படித்தவள்

நொய்யல்கரைக்கு: உங்கள் இழப்புக்கு முன்னால் வாதாடுவது அழகில்லை என்று தெரிந்தும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மனிதர் சொன்னது ஆயுர்வேதமே அல்ல. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில், நோய்களை அடையாளம் காட்டும் நிதான ஸ்தானம் என்ற பகுதியில் அர்புதம் என்ற பெயரில் சொல்லப்படும் கட்டி, உருண்டையாக, இடம்பெயராமல், சிறிதளவே வலியுடன், ஆழ வேரோடி, மெதுவாக வளர்ந்து, பழுக்காமல் நிற்பது. ஒன்றன்மேல் ஒன்றாகவோ இரட்டையாகவோ மீண்டும் எழுவதைக் குணப்படுத்த இயலாதது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. எங்கள் பி.ஏ.எம்.எஸ். என்ற ஆயுர்வேதப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவியைக் கேட்டாலும், பழுக்காதது என்பதுதான் அதன் அடையாளம் என்று சொல்லிவிடுவாள். வலிக்கவில்லையே என்று நிம்மதி அடைபவர்களுக்கும் அந்தப் பழைய வரியையே நான் காட்டுகிறேன்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். நடுவயதுப் பெண் ஒருவர் சததௌத கிருதம் கேட்டு வந்தார். நூறுமுறை நீரில் கழுவிய அந்த நெய்யை எரிச்சலுக்கும் சொறிக்கும் தருவது வழக்கம். ஒரு பக்க முலைக்காம்பில் மட்டும் தோல் உரிந்து, கசிந்து, பொருக்குக் கட்டி, மறுபடி உரிவதாகச் சொன்னார். பல மாதங்களாகக் கடையில் வாங்கிய களிம்புகளைப் பூசியிருந்தார். பூசும்போதெல்லாம் கொஞ்சம் ஆறியது போலிருந்து, பின் திரும்பியிருக்கிறது. சாதாரணச் சொறி பெரும்பாலும் கருவட்டத்தில் தொடங்கும், இரு பக்கமும் வரக்கூடும். காம்பிலேயே தொடங்கி, ஒரே பக்கத்தில் நின்று, களிம்புக்கு அடங்காமல் வட்டத்துக்குப் பரவினால் பாஜெட் நோயோ என்று சந்தேகிக்க வேண்டும். அடியில் புற்று இருப்பதற்கான வாய்ப்பு அதில் மிக அதிகம். அலமாரியில் நெய் இருந்தது, அவர் கையில் பணம் இருந்தது, நான் கொடுக்கவில்லை. தோல் திசுவை எடுத்துப் பார்த்தபோது சந்தேகம் உறுதியானது. ரசீது போடும் பெண் எனக்குப் பதிலாக அந்த டப்பாவைக் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் வருகிறது.

நாங்கள் எதற்குப் பயன்படுவோம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பசியின்மை, மலச்சிக்கல், தூக்கமின்மை, சோர்வு, உணவு ஒழுங்கு ஆகியவற்றில், அதுவும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிவித்த பிறகு, எங்களால் உதவ முடியும். கீமோ பெறும் மார்பகப் புற்றுநோயாளிகள் 100 பேரிடம் மலேசியாவில் அஸ்வகந்தாவைக் கொடுத்துப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். சோர்வு குறைந்ததாகக் கண்டார்கள். ஆனால் அது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல் செய்த சிறிய ஆய்வு. கட்டியைக் கரைத்ததாக அதில் எதுவும் இல்லை, வேறு எந்தத் தரமான மனித ஆய்விலும் இல்லை.

துணைக்கு இருந்தவள்

அம்மாவுக்குக் கீமோ ஏற்றும் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் நடந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவுக்கு அன்று ஊசி போடவில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவு ஏறிவிட்டது என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். வீட்டில் வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று செவிலியர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு அந்த அறையில் இருந்த பாதிப் பேர் தங்கள் கைப்பையைப் பார்த்தார்கள். அக்காவின் கணவர் தயங்கித் தயங்கி, சீந்தில் பொடி, மஞ்சள் சத்து மாத்திரை, எதிர்ப்புச் சக்திக்கென்று யாரோ கொடுத்த லேகியம் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். லேகியத்தின் மேல் பெயர்ச்சீட்டே கிடையாது.

மருத்துவர் வந்து பார்த்தார், திட்டவில்லை. கீமோ மருந்துகளில் பலவற்றைக் கல்லீரல்தான் கழித்து வெளியேற்ற வேண்டும், அது சோர்ந்திருந்தால் அதே அளவு மருந்து உடம்பில் அதிகமாகத் தங்கிவிடும் என்று விளக்கினார். சீந்திலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதியதையும் சொன்னார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அடுத்த முறை குப்பிகளோடு வரச் சொன்னார். அந்தச் சுற்று தள்ளிப்போயிற்று. கணவர் முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மனைவிக்கு நல்லது என்று நினைத்துக் கடன் வாங்கி வாங்கியிருக்கிறார்.

ஓய்வுபெற்ற ஆய்வகக்காரர்

என் கதை சிறியது. தம்பி மனைவிக்கு ஊசிப் பரிசோதனை எழுதியபோது, ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று சொல்லி எங்கள் குடும்பமே திண்ணையில் உட்கார்ந்து தடுத்தது; நான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் என் பேச்சுக் கடைசியில் எடுபட்டது. அவர் நலமாக இருக்கிறார்.

இனிச் சொல்லப்போவதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பி.ஏ.எம்.எஸ். அம்மையார் எழுதியதில் எனக்கு உடன்பாடுதான், ஆனால் தாமதத்துக்கு வைத்தியரை மட்டும் குறை சொல்லும் நொய்யல்கரையின் கருத்தை முழுதாக ஏற்க முடியவில்லை. அந்த வைத்தியரிடம் போவதற்கு முன்பே பல பெண்கள் கட்டியை மாதக்கணக்கில் மறைத்துவைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். மாமியாருக்குத் தெரியக் கூடாது, பெண்ணின் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

கட்டி தட்டுப்பட்டால் நடக்க வேண்டியவை மூன்று: மருத்துவர் கையால் பார்ப்பது, படம் எடுப்பது, திசு எடுப்பது. 40 வயதுக்குக் கீழே மார்பு அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்டும், 40ஐத் தாண்டியவர்களுக்கு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் எழுதுவார்கள். பருமனான ஊசியால் சிறு துண்டு எடுப்பதே முறை. என்ன என்று தெரியாமலே கட்டியை மொத்தமாக வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். புற்று என்று வந்தால் ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிச் சோதனைகள் இரண்டு, ஹெர் 2 என்ற புரதச் சோதனை ஒன்று, ஆக மூன்றின் முடிவும் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மருந்து என்பதை அவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. பெரும்பாலான கட்டிகள் புற்றாக இருப்பதில்லை, நான் கண்ணாடித் துண்டில் பார்த்தவற்றிலும் அப்படித்தான். ஆனால் அதை முடிவு செய்யும் இடம் நுண்ணோக்கி. அடுத்த வீட்டு அத்தை அல்ல.

2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று கண்டறியப்பட்டது. எல்லோருக்கும் மேமோகிராம் செய்ய வழியில்லாத நாட்டில் கையால் பார்ப்பதற்கும் மதிப்புண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் 1998இல் தொடங்கி 1.5 லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் மார்பகப் புற்று மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே அப்படிக் குறையவில்லை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 30 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். கூச்சத்தை விட்டுப் போகலாம்.

லேகியக் குப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்து 2008இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இறக்கும் அபாயம் 5 மடங்குக்கும் மேல் என்று 2018இல் அந்நாட்டிலேயே இன்னோர் ஆய்வு வந்தது. அறுவையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்கள் அந்தப் பக்கக் கையில் அழுத்தித் தேய்க்கும் உழிச்சல் செய்துகொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். கை வீங்கினால் அதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள்.

வடமராட்சி

இவ்வளவு பெரிய அறிவுரைக்குப் பிறகு என்னுடையது சிறியதாகத் தெரியலாம். மூட்டு வருத்தத்துக்கு ஆயுர்வேத வைத்தியசாலையில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த என் அக்கா, துணி தோய்க்கும்போது உள்ளாடையின் ஒரு பக்கத்தில் மட்டும் மண்ணிறக் கறை இருப்பதைக் கண்டார். துரு என்று நினைத்து இரண்டு முறை சவர்க்காரம் போட்டாராம். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் கொடியில் காய்ந்த அதைப் பார்த்துவிட்டு, அமுக்காமலே தானாக வருகிறதா, ஒரு பக்கம்தானா என்று இரண்டே கேள்வி கேட்டு, நோயில்லாத பெண்களையும் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு அடுத்த நாளே வரச் சொன்னார். இலங்கையில் 35 வயதிலும் 45 வயதிலும் அங்கே அழைக்கிறார்கள். அக்கா இரண்டு முறையும் போனதில்லை. அங்கிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கடைசியில் பால்நாளத்துக்குள் வளர்ந்த, புற்றல்லாத சிறு வளரி என்று வந்தது. எண்ணெய் கொடுத்த வைத்தியரிடம் அக்கா இதைச் சொன்னபோது, கறையைப் பற்றி என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவர் கோபித்துக்கொண்டார். முழங்காலைக் காட்ட வந்த இடத்தில் அதை எப்படிச் சொல்வது என்று அக்கா என்னிடம் கேட்கிறார்.

நொய்யல்கரை

பி.ஏ.எம்.எஸ். அவர்களே, சுசுருதர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். பற்று போட்டவர் வீட்டுச் சுவரிலும் ஓலைச்சுவடியும் தன்வந்திரி படமும் இருந்தன. படித்தவரையும் படிக்காதவரையும் நோயோடு போகிறவர்கள் எப்படிப் பிரித்தறிவது?

பி.ஏ.எம்.எஸ். படித்தவள்

ஆயுர்வேத மருத்துவர்களைப் பதிவு செய்யும் மாநில வாரியத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்றவர் அதைச் சொல்லத் தயங்க மாட்டார். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. அது எந்த மருத்துவ முறைக்கும் பொருந்தும். ஆகவே அப்படிப் பலகை மாட்டியிருக்கும் இடத்தில் பதிவு எண்ணைக் கேட்கும் வேலையும் உங்களுக்கு மிச்சம், படியேறாமல் திரும்பிவிடுங்கள். பற்று போட்டவர் இன்னும் வைத்தியம் பார்க்கிறார் என்றால், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். சித்தியின் மருத்துவமனைக் கோப்பின் நகலை அதோடு இணையுங்கள்.