ரேட்டிங் 1500-ஐத் தாண்ட எந்தச் செஸ் புத்தகத்தை வாங்குவது?

நொய்யல்_சிப்பாய் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்லூரி நாட்களோடு விட்டுப்போன சதுரங்கத்தை மீண்டும் கையில் எடுத்து, கோவை, ஈரோடு வட்டாரத்தில் நடக்கும் ரேட்டிங் போட்டிகளில் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ஆடி வருகிறேன். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங் இப்போது 1500-க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. 2024 மார்ச்சில் ஃபிடே குறைந்தபட்ச ரேட்டிங்கை 1400 ஆக்கி, 2000-க்குக் கீழே இருந்த எல்லோருடைய எண்ணையும் ஏற்றிவிட்டது என்பதால், பழைய கணக்கில் இது எவ்வளவு எளிய எண் என்பது இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

அலமாரியில் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. சிசிலியன் நய்டார்ஃப் பற்றி ஒன்று, கிங்ஸ் இந்தியன் பற்றி ஒன்று, இன்னும் சில ஓப்பனிங் (ஆட்டத் தொடக்கம்) புத்தகங்கள். ஆனந்த் தம் சிறந்த ஆட்டங்களுக்குக் குறிப்பு எழுதிய 1998-ஆம் ஆண்டுத் தொகுப்பும் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நகர்வுக்கு அரைப் பக்கம் கிளை வரிசைகள் வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறேன். போட்டியில் ஓப்பனிங்கிலிருந்து பெரும்பாலும் நல்ல நிலையில்தான் வெளியே வருகிறேன். அதன் பிறகு ஏதாவது ஒரு குதிரை ஃபோர்க்கில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்கும் நகர்வில், ஒரு காய் போகிறது. அப்படிப் போகாமல் தப்பினால், ஒரு சிப்பாய் அதிகமாக வைத்துக்கொண்டு யானை முடிவாட்டத்தை டிரா செய்கிறேன்.

இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒன்றோ இரண்டோ புத்தகம் வாங்க நினைக்கிறேன். ஆங்கிலம் சிரமமில்லை என்றாலும் அலங்கார நடை வேண்டாம். எதை வாங்கலாம், அதை எப்படிப் படிக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோட்டைவாசல் எழுதியது:

வணக்கம். உங்கள் கேள்விக்குப் பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். எந்த இடத்தில் புள்ளியை இழக்கிறோமோ அந்த இடத்தைப் பற்றிய புத்தகத்தைத்தான் வாங்க வேண்டும். நம்மில் பலர் எந்த இடத்தில் ஏற்கெனவே ஓரளவு தேறியிருக்கிறோமோ அதைப் பற்றியே திரும்பத் திரும்ப வாங்குகிறோம். 1500 ரேட்டிங்கில் எதிராளி ஏழாவது எட்டாவது நகர்விலேயே புத்தக வழியை விட்டு விலகிவிடுவார் என்பதால், நய்டார்ஃபின் இருபதாவது நகர்வு வரை மனப்பாடம் செய்தாலும் அது பலகைக்கு வருவதேயில்லை.

நான் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பயிற்சி அளிப்பவன். உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு முதலில் சொல்வது ஜெரமி சில்மன் 2007-இல் வெளியிட்ட முடிவாட்டப் புத்தகத்தை. பெரும்பாலான முடிவாட்டப் புத்தகங்கள் சிப்பாய் முடிவு, யானை முடிவு, பிஷப் முடிவு என்று காய் வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இவர் ரேட்டிங் வாரியாகப் பிரித்திருக்கிறார். 1400 முதல் 1599 வரை உள்ளவருக்கு எது தெரிந்திருக்க வேண்டுமோ அது மட்டும் அந்த அத்தியாயத்தில் இருக்கும். அதை முடித்தபின் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ரேட்டிங் ஏறிய பிறகு வந்தால் போதும் என்று அவரே சொல்கிறார். ஆனால் அவை அமெரிக்க ரேட்டிங் எண்கள். நம் எண்ணோடு அப்படியே பொருத்தாமல், ஒரு படி கீழே உள்ள அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.

நீங்கள் சொன்ன யானை முடிவாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். (எழுத்து நெட்டு வரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்.) வெள்ளை ராஜா டி8, சிப்பாய் டி7, யானை எஃப்1, கறுப்பு ராஜா ஜி7, யானை சி2, வெள்ளையின் முறை. இதுதான் லூசெனா நிலை. ராஜாவே தன் சிப்பாயின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உடனே இ7-க்கு வந்தால் இ2-இலிருந்து செக், டி6-க்கு இறங்கினால் டி2-இலிருந்து செக், ஒதுங்க இடமில்லை. எனவே முதலில் யானையை எஃப்4-க்கு ஏற்ற வேண்டும். அதன்பின் அதே செக்குகள் வரட்டும்: ராஜா இ7, டி6, இ6, டி5 என்று வந்து நிற்கும்போது, கடைசிச் செக்குக்கு யானை டி4-இல் குறுக்கே வந்து மறைக்கிறது. கறுப்பிடம் வேறு வழி இல்லை. எஃப்4 என்ற அந்த ஒரு நகர்வைத் தெரிந்து வைத்திருப்பவர் வெல்கிறார், தெரியாதவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செக்குகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஃபிலிடோர் நிலை. ஒரு சிப்பாய் குறைவாக உள்ளவர், தன் ராஜாவை அந்தச் சிப்பாயின் பாதையிலேயே நிறுத்தி, யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்து எதிராளியின் ராஜாவை முன்னேறவிடாமல் தடுக்கிறார்; சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த கணமே யானையை எதிர்க்கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்குகிறார். இந்த இரண்டையும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் எந்த யானைகளை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதில் பிடிப்பு வரும். டுவரெட்ஸ்கியின் முடிவாட்டக் கையேட்டை யாராவது பரிந்துரைத்தால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். அது அருமையான நூல்தான், ஆனால் 2000-க்கு மேல் உள்ளவர்களுக்கு.

இரட்டைச்செக் எழுதியது:

கோட்டைவாசல் ஐயா சொன்னதில் பிழை எதுவும் இல்லை, வரிசையில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. குதிரை ஃபோர்க்கில் காயை இழப்பவருக்கு லூசெனா நிலை எத்தனை ஆட்டங்களில் வரப்போகிறது? முதலில் காயை இழக்காமல் முடிவாட்டம் வரை போக வேண்டும். அதற்கு டாக்டிக்ஸ், அதாவது சில நகர்வுகளில் காயையோ ஆட்டத்தையோ வெல்லும் உத்திகள் பற்றிய கணக்குகள்தான் வழி.

இதில் பலரும் முதலில் சொல்வது புகழ்பெற்ற செஸ் வீராங்கனைகளான போல்கார் சகோதரிகளின் தந்தை லாஸ்லோ போல்கார் தொகுத்த 5334 கணக்குகள் கொண்ட பெரும் புத்தகம். விலையை விட எடை அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் வாங்குவதற்கு முன் அதன் உள்ளடக்கத்தைக் கவனியுங்கள்: 3412 கணக்குகள் இரண்டே நகர்வில் மேட் வகையைச் சேர்ந்தவை. ஒரு காயால் எந்தெந்தக் கட்டங்களை அடைக்க முடியும் என்று பார்க்கும் பழக்கத்துக்கு அவை நல்லவை. ஆனால் உங்கள் ஆட்டத்தில் ஒரு பிஷப் போவது மேட் தெரியாததால் அல்ல, பாதுகாப்பில்லாமல் நிற்கும் காயைக் கவனிக்காததால். எனவே ‘பின்’ (pin, காயை நகர முடியாமல் கட்டிப்போடுவது), ஃபோர்க், மறைந்திருக்கும் தாக்குதல், பாதுகாப்புக் காயை அகற்றுதல் என்று கருப்பொருள் வாரியாகத் தொடங்கி, பிற்பகுதியில் கலவையாகக் கணக்குகள் தரும் புத்தகமாகப் பாருங்கள். இந்தக் கலவைப் பகுதி மிக அவசியம். அத்தியாயத் தலைப்பே ‘ஃபோர்க்’ என்று சொல்லிவிட்டால் குதிரையை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றும். போட்டியில் யாரும் தலைப்பு எழுதி வைப்பதில்லை.

2018-இல் வந்த மரங்கொத்தி முறைப் புத்தகத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலக சாம்பியன்களின் ஆட்டங்களிலிருந்து எடுத்த 1128 கணக்குகள். ஒரு தொகுதியை முழுவதும் போட்டு முடித்து, அதே தொகுதியை அடுத்த சுற்றில் பாதி நேரத்தில், அதற்கடுத்த சுற்றில் அதிலும் பாதியில் என்று திரும்பத் திரும்பப் போடுவதே முறை. உங்கள் நிலைக்கு முதலில் உள்ள 222 எளிய கணக்குகள் மட்டும் போதும். அவற்றுக்காக முழுப் புத்தகத்தையும் வாங்க வேண்டியதில்லை. இதே முறையைக் கையில் உள்ள எந்தக் கணக்குப் புத்தகத்திலும் செய்யலாம். ஒரே நிபந்தனை, விடையை முழுதாக எழுதிவிட்டுத்தான் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும். முதல் நகர்வு சரியாக இருந்து எதிராளியின் சிறந்த பதிலைக் காணத் தவறியிருந்தால் அது தவறான விடைதான்.

பழையபதிப்பு எழுதியது:

இருவரும் உடற்பயிற்சியைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். ஆட்டம் முழுவதையும் காட்டும் புத்தகம் ஒன்றாவது வேண்டாமா? ஃபோர்க்கும் முடிவாட்டமும் தனித்தனியாகத் தெரிந்தும், இரண்டுக்கும் நடுவில் உள்ள இருபது நகர்வுகளில் என்ன செய்வதென்று புரியாமல் காயை அங்குமிங்கும் நகர்த்துபவர்கள் பலர்.

இதற்கு இர்விங் செர்னெவ் 1957-இல் எழுதிய நகர்வுக்கு நகர்வு விளக்கப் புத்தகத்தைச் சொல்வேன். 33 ஆட்டங்கள், ஒவ்வொரு நகர்வுக்கும், முதல் இ4 உட்பட, ஏன் அந்த நகர்வு என்று சொற்களால் விளக்கம் இருக்கும். கிளை வரிசைகள் மிகக் குறைவு, எனவே ஆனந்த் தொகுப்பில் உங்களுக்கு நேர்ந்த தடை இங்கே வராது. செர்னெவுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கேஸ்லிங் செய்து (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி) ஒதுங்கிய ராஜாவுக்கு முன்னால் எச்3 என்று சிப்பாயை நகர்த்தியவரைப் புத்தகம் முழுவதும் திட்டிக்கொண்டே இருப்பார். இன்றைய என்ஜின் (கணினிச் செஸ் நிரல்) பல இடங்களில் அதை ஒப்புக்கொள்ளாது. அதனால் என்ன? தொடக்கத்தில் விதியைத் தெரிந்துகொள்வோம், விலக்கைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

படிக்கும் முறை இது. வென்றவர் பக்கம் பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு தாளால் பக்கத்தை மறைத்து, அவருடைய அடுத்த நகர்வை நீங்கள் முடிவு செய்து எழுதிய பிறகு தாளை ஒரு வரி கீழே இறக்குங்கள். உங்கள் நகர்வு வேறாக இருந்தால், அதை வென்றவர் ஏன் ஆடவில்லை என்று கொஞ்ச நேரம் காயை நகர்த்திப் பாருங்கள். என்ஜினைத் திறப்பது அதற்கும் பிறகுதான்.

கபாபிளாங்காவின் 1921-ஆம் ஆண்டு அடிப்படைப் பாடநூலும் நடையில் எளியது. அலங்காரமே இல்லாமல் எழுதியிருப்பார். நிம்சோவிச் 1925-இல் எழுதிய புகழ்பெற்ற நூலை இப்போதைக்கு ஒத்திவையுங்கள், நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அலங்கார நடை அங்கே நிறையவே உண்டு. உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுத்த 1953 சூரிச் கேண்டிடேட்ஸ் போட்டியின் 210 ஆட்டங்களுக்கும் பிரான்ஸ்டைன் எழுதிய விளக்கம் நடுவாட்டத்துக்கு ஒரு பெரும் செல்வம், ஆனால் அதையும் 1800 வாக்கில் திறந்தால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

பழைய புத்தகக் கடையில் தேடுவதானால் ஓர் எச்சரிக்கை. எண்பதுகளுக்கு முன் ஆங்கிலத்தில் அச்சான பல நூல்களில் ‘பி-கே4’ போன்ற பழைய குறியீடு இருக்கும். அதில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் தம் பக்கத்திலிருந்தே கட்டத்தை எண்ணுவார் என்பதால், வெள்ளை ஆடும் பி-கே4 நம் கணக்கில் இ4, கறுப்பு ஆடும் அதே பி-கே4 நம் கணக்கில் இ5. 1981-இல் ஃபிடே அதை ஏற்பதை நிறுத்திவிட்டது. பழகிவிட்டால் சிரமமில்லை, ஆனால் ஏற்கெனவே நேரம் குறைவாக உள்ளவர் புதிய பதிப்பை வாங்குவதே நல்லது.

நொய்யல்_சிப்பாய் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சில்மனையும் செர்னெவையும் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கணக்குகளுக்கு, வீட்டில் மகனிடம் இருக்கும் பயிற்சிப் புத்தகத்திலேயே இரட்டைச்செக் சொன்ன சுற்று முறையைச் செய்து பார்க்கிறேன். ஒரே ஓர் ஐயம்: இவற்றையெல்லாம் கைபேசிச் செயலியில் நகர்த்திப் பார்த்தால் போதாதா, பலகை எடுத்து வைக்கத்தான் வேண்டுமா?

கோட்டைவாசல் எழுதியது:

நல்ல தேர்வு. கணக்குகளைப் படத்தை மட்டும் பார்த்து, காயைத் தொடாமல் போடுங்கள். போட்டியிலும் தொட்டுப் பார்க்க முடியாதல்லவா? முடிவாட்டத்தையும் முழு ஆட்டத்தையும் கட்டாயம் பலகையில் வைத்தே படியுங்கள். கைபேசித் திரையில் சமதளமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, போட்டி மண்டபத்தில் நிற்கும் காய்களுக்கிடையே நீண்ட மூலைவிட்டத்தில் ஒளிந்திருக்கும் பிஷப் சட்டென்று தெரிவதில்லை. லூசெனா நிலையை மகனை எதிரில் உட்காரவைத்து, இருவரும் பக்கம் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள், பலகையை இடப்பக்கம் வலப்பக்கமாக மாற்றியும் வையுங்கள். பி நெட்டு வரிசையில் வந்தாலும் ஜி நெட்டு வரிசையில் வந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும்.

இன்னொன்று, மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நகல் அச்சுகளை வாங்காதீர்கள். நேரில் வாங்குவதானால் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, கறுப்புக் கட்டத்தில் நிற்கும் கறுப்பு பிஷப்பும் கறுப்புச் சிப்பாயும் வேறுபட்டுத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.