மேட்டுப்பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா? உங்கள் மண்ணைச் சொல்லுங்கள்

செங்கல்பட்டுப் பக்கம், வீட்டுத்தோட்டம்

வணக்கம் உறவுகளே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாத்தி போட்டும் செடி அழுகிப் போனதாகப் பலர் வருத்தப்பட்டிருந்தீர்கள். எங்களுக்கு எது பலன் தந்தது என்று எழுதுகிறேன்.

எங்கள் மனை ஏரியை ஒட்டியது, முழுக்கக் களிமண். மழை விட்டு வெயில் வந்ததும் கத்தரியும் மிளகாயும் தலை தொங்கிவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் பெரும்பாலும் வேருக்குக் காற்று கிடைக்கவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் மனது பதறுகிறது. தயவுசெய்து முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.

பாத்தி மண்ணில் கை வைக்கும் முன் குழி வெட்டிப் பார்த்தோம். ஓர் அடி ஆழக் குழி, அது நிறையத் தண்ணீர். முதல் தடவை காய்ந்த மண் குடித்துவிடும், அந்தக் கணக்கு உதவாது. வடிந்ததும் திரும்ப நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ஓர் அங்குலமாவது இறங்கினால் காய்கறிக்குப் போதும். எங்கள் குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது. அடிமண் இப்படி இருக்கும்போது மேலே எத்தனை மூட்டை உரம் கொட்டி என்ன பயன்? தண்ணீர் பாத்தியை விட்டுப் போக வழி வேண்டும்.

அதனால் பாத்திகளுக்கு நடுவே இருந்த நடைபாதையை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, தோட்டத்தின் தாழ்ந்த மூலையை நோக்கிச் சரிவு கொடுத்தோம். வெட்டிய மண்ணைத் தொழுஉரத்தோடு கலந்து பாத்தி மேலேயே போட்டதில் உயரமும் கூடியது. மூலையில் சேம்பு வைத்தோம், அதற்கு ஈரம்தான் பிடிக்கும். அடுத்த அடைமழையில் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, பாத்தியில் நிற்கவில்லை.

சென்னை, மாடித்தோட்டம்

அக்கா, பாத்திக்கு அடியில் செங்கல் ஜல்லி ஓர் அடுக்கு போட்டால் வடியும் என்கிறார்களே? நான் ஹாலோ பிளாக் கட்டி மேட்டுப்பாத்தி அமைக்கப் போகிறேன்.

செங்கல்பட்டுப் பக்கம், வீட்டுத்தோட்டம்

வேண்டாம் தம்பி. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டத் தொடங்கும். ஆக, ஈரம் தேங்கும் பகுதி ஜல்லிக்கு மேலே, வேருக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடித்து, சொட்டு நின்றதும் செங்குத்தாகத் திருப்பிப் பாருங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். மண்ணும் அப்படித்தான், உயரம் கூடினால் நன்றாக வடியும். ஜல்லிக்கு ஒதுக்கிய ஆழத்தையும் மண்ணுக்கே கொடுங்கள். சுவரின் அடி வரிசையில் துளை விட மறக்காதீர்கள். தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், ஈர மண்ணின் எடை அதிகம்.

கோவில்பட்டி, கரிசல்

நம்ம ஊர்க் கதையே வேற. கோடையில கை நுழையுற அளவுக்கு வெடிப்பு. மழையில மண்ணு உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கிடும், அப்புறம் சொட்டுத் தண்ணி இறங்காது. எம்-சாண்ட் கலந்தா சரியாகும்னு ஒருத்தர் சொல்ல, பக்கத்து வீட்டுல ரெண்டு கூடை போட்டாங்க. காய்ஞ்சதும் மம்பட்டி இறங்கல. களிமண்ணு குணம் மாறணும்னா கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி மணல் வேணும், அது நடக்கிற காரியமா?

எங்களுக்குக் கைகொடுத்தது பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டுதான். கோடை மழைக்கு விதைச்சு, பூ எடுக்கிற பருவத்துல, ஒன்றரை மாசம்னு வைங்க, மடக்கி மண்ணுல விட்டோம். அது மக்கினதும் எருவும் போட்டு, மண்ணை மூடுற மூடாக்கும் போட்டோம். சோளத்தட்டையை நறுக்கிப் பரப்பினாலே போதும், மழை நேரா அடிச்சு மேல்மண்ணு இறுகாது. மண்புழு தானா வந்துருச்சு. அது போற பாதை வழியாத்தான் இப்போ தண்ணி இறங்குது. முக்கியமா ஒண்ணு: ஈரக் கரிசல்ல கொத்தவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. கையில உருட்டினா பிசுபிசுன்னு ஒட்டாம உதிரணும், அதுதான் பதம்.

திருச்சிப் பக்கம்

ஜிப்சம் போட்டால் எந்தக் களிமண்ணும் பொலபொலவென்று ஆகிவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். எங்கள் மண் சோடியம் மிகுந்த களர், கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டியது, அதனால் எங்களுக்குப் பலித்தது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம், மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட சோடியம் தண்ணீரோடு வெளியேற வேண்டும். எனவே மேலே அக்கா சொன்ன வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டுப் பலனில்லை. சாதாரணக் களிமண்ணுக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள். காய்கறிப் பாத்திக்குச் சுமார் 22 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்தால் போதும். எரு குவித்த இடத்திலும் வரப்போரத்திலும் எடுக்க வேண்டாம்.

பொள்ளாச்சி

எங்கள் ஊரில் தென்னை நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை, அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும். நார் உரிக்கும் இடத்திலிருந்து பச்சையாக அள்ளி வந்து பாத்தியில் கொட்டாதீர்கள். உப்பும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கும். கார்பன் மிக அதிகம், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும், செடி வெளிறும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித் தருகிறது. கறுத்து, மண்வாசனை வந்த பிறகுதான் நாங்கள் பயன்படுத்துகிறோம். மணற்பாங்கான மண்ணுக்கு அது வரம். தண்ணீர் நிற்கும் களிமண் பாத்தியில் அளவோடு போடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்.

சென்னை, மாடித்தோட்டம்

நாற்று அழுகலுக்கு ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை போதுமா?

செங்கல்பட்டுப் பக்கம், வீட்டுத்தோட்டம்

தொழுஉரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காட்டி வைத்து, நடுவதற்கு முன் போடலாம். நாங்கள் தவறாமல் போடுகிறோம். ஆனால் சேற்றில் நிற்கும் நாற்றை அது மட்டும் காப்பாற்றாது, முதலில் வடிய வழி செய்யுங்கள். இன்னொன்று, எரு மக்க மக்கப் பாத்தி அமுங்கும். நாங்கள் ஆடியில் விதைக்கும் முன் இரண்டு அங்குலம் மக்கிய உரம் பரப்புகிறோம், புரட்டாசியில் வாய்க்காலில் சேர்ந்த மண்ணை வாரி மறுபடி பாத்தி மேல் போடுகிறோம். பாத்தியின் அகலம் நான்கு அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்றே கை எட்டினால் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள்.