9 வயதுப் பையன், 46 கிலோ: ராத்திரிச் சோற்றை நிறுத்தலாமா?

திருச்சி அம்மா: பையன் உயரம் 135 செ.மீ. பாட்டி, "வளர்ற பிள்ளை, கொழுகொழுன்னு இருக்கட்டுமே" என்கிறார். பள்ளியில் குண்டா என்று கூப்பிடுகிறார்களாம், நேற்று அழுதான். என்ன செய்யலாம்?

கொங்கு அப்பா: பட்டினி மட்டும் போடாதீர்கள் அக்கா. வளரும் வயது, பெரும்பாலும் எடை மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டாலே உயரம் கூடக்கூட சரியாகிக்கொண்டு வரும். குழந்தை மருத்துவரிடம் வளர்ச்சி அட்டவணையில் குறிக்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை: கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருக்கிறதா பாருங்கள். என் மகளுக்கு அழுக்கு என்று நினைத்துக் கடலைமாவு போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், கடைசியில் டாக்டர்தான் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி என்றார். மனசு கேட்கவில்லை.

கொங்கு அப்பா: ஆமாம், அதைக் கட்டாயம் பாருங்கள். அப்புறம் குளிர்பானம், 300 மி.லி. கோலாவிலேயே ஆறேழு ஸ்பூன் சர்க்கரை. அவனுக்கு மட்டும் தடை போடாமல் வீட்டிலேயே யாரும் வாங்காதீர்கள். தினமும் ஒரு மணி நேரமாவது வேர்க்க விளையாடட்டும், டியூஷனைக் குறைத்தாலும் பரவாயில்லை.

திருச்சி அம்மா: கழுத்து கறுத்துத்தான் இருக்கிறது. நாளைக்கே கூட்டிப்போகிறேன்.