நேற்றுவரை நல்லாத்தானே பறந்தது: கிளைடரும் கட்டாயத் திருத்தமும், நம்மவர் அனுபவங்கள்

கல்லடியிலிருந்து

என் தங்கையின் மகன் ஜேர்மனியில் படிக்கிறான். போன வருடம் அங்கே ஒரு கிளைடர் கழகத்தில் சேர்ந்தான். போன கிழமை போன் எடுத்து, "மாமா, எங்கட கிளைடருக்கு ஏதோ கட்டாயத் திருத்தம் வந்திருக்காம். அது முடியும்வரை பறக்க ஏலாதாம். நேற்றுவரை நல்லாத்தானே பறந்தது?" என்று குறைப்பட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இன்னும் சிலரும் இதில் இறங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். வெயில் ஏறிய நேரத்தில் நம்முடைய வாவிக் கரையில் பருந்து செட்டை அடிக்காமல் வட்டமிட்டு உயருமே, அந்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது. சூடான நிலத்திலிருந்து எழும் காற்றைத் தேடிப்பிடித்து, அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறும். முதலில் மேலே போவதற்கு மட்டும் துணை வேண்டும். ஒன்றில் எஞ்சின் விமானம் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும், இல்லையென்றால் தரையில் நிற்கும் வின்ச் நீளக் கம்பியைச் சுருட்டிப் பட்டம் ஏற்றுவதுபோல் ஏற்றிவிடும்.

நான் 1986இல் ஜேர்மனிக்குப் போனேன். ஃபுல்டா நகரத்துப் பக்கம் வேலை. அங்கிருந்து வாசர்குப்பே மலை கிட்டத்தான். 1920இல் ஜேர்மனியின் முதல் கிளைடர் போட்டி நடந்த மலை அது. கூட வேலை செய்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கழகத்துக்குக் கூட்டிப்போனார். அதன்பிறகு பதினெட்டு வருடம் குளிர்காலம் முழுக்க அந்தக் கழகத்தின் பட்டறையில்தான் என் சனிக்கிழமைகள் கழிந்தன. பறந்ததைவிடக் கழற்றிப் பூட்டியதுதான் அதிகம்.

கிளைடரை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது இறக்கைகளைக் கழற்றி நீளமான ட்ரெயிலரில் வைப்பார்கள். பறக்கும் நாள் காலையில் திரும்பப் பூட்டவேண்டும். ஆபத்து இருப்பது இந்த இடத்தில்தான். பெரிய விமானத்தின் இறக்கையை யாரும் நாளாந்தம் கழற்றுவதில்லை. இங்கே மூன்று நான்கு பேர் புல்தரையில் நின்று, கதைத்துக் கதைத்து, அரை மணித்தியாலத்தில் ஒரு விமானத்தையே பூட்டிவிடுகிறோம்.

பழைய கிளைடர்கள் பலவற்றில் இறக்கையைச் செருகிய பிறகு, எயிலரனுக்குப் போகும் தடியையும் எயார்பிரேக்குக்குப் போகும் தடியையும் தனித்தனியாகக் கையால் இணைக்கவேண்டும். எயிலரன் என்பது இறக்கையின் பின் ஓரத்தில் ஏறி இறங்கி விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை, எயார்பிரேக் என்பது தரையிறங்கும்போது இறக்கையிலிருந்து எழும்பும் தடுப்பு. இறக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தடவித்தான் வேலை. ஒரு தடியின் நுனியில் உருண்டை, மற்றதில் அதைக் கவ்வும் கிண்ணம். உருண்டை உள்ளே விழுந்ததும் ஸ்பிரிங்கில் ஓடும் ஒரு நாக்கு அதைப் பூட்டிக்கொள்ளும். நாக்கில் ஒரு சின்னத் துளை. பூட்டு சரியாக விழுந்தால்தான் அந்தத் துளை வெளியே தெரியும். அதற்குள் ஊக்கு மாதிரி ஒரு பின் போடலாம். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் கழகத்தில் அநேகர் போடுவதில்லை.

1992 ஏப்ரல். குளிர் முடிந்து முதல் நல்ல நாள், எல்லோருக்கும் அவசரம். ஒரு உறுப்பினரின் சொந்தக் கிளைடரைப் பூட்ட நான் உதவினேன். இருபது வருடமாக வைத்திருந்தவர், தன் பிள்ளையைப்போல் பார்த்தவர். வலது பக்க மூட்டுகளை நான்தான் இணைத்தேன். எயார்பிரேக் முடிந்தது. எயிலரன் உருண்டையைக் கிண்ணத்துக்குள் அழுத்தியபோது யாரோ ட்ரெயிலரைத் தள்ளக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து மூடியை மூடிவிட்டேன். உருண்டை உள்ளே இருந்தது, நாக்கு பாதிதான் ஓடியிருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

அவர் உள்ளே ஏறி, விமானத்தைச் செலுத்தும் கைப்பிடியான ஸ்டிக்கை இரண்டு பக்கமும் ஆட்டினார். எயிலரன் ஏறி இறங்கியது. எல்லாம் சரி என்றுதான் தோன்றியது. அந்த நேரம் கழகத்தின் வயதான பரிசோதகர் அந்த வழியாக வந்தார். "பிடித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஒருவர் வெளியே நின்று எயிலரனைக் கையால் அசையாமல் பிடிக்க, உள்ளே இருப்பவர் எதிராக ஸ்டிக்கைத் தள்ளும் சோதனை அது. நான் போய் வலது எயிலரனைப் பிடித்தேன். அவர் தள்ளினார். ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஸ்டிக் தடையில்லாமல் ஓரத்துக்குப் போய்விட்டது. எயிலரன் என் கையில் சும்மா தொங்கியது.

சும்மா ஆட்டும்போது வராத சுமை அது. வின்ச் இழுத்து நூறு மீட்டர் உயரத்தில் வந்திருக்கும்.

அவர் இறங்கி வந்து புல்லில் இருந்தார். என்னைத் திட்டவில்லை. நான் கொஞ்ச நேரம் தள்ளி நின்றேன், மறுகா அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அன்றைக்கு இருவரும் பறக்கவில்லை.

அந்த வகை மூட்டு கழன்றதால் உயிர் போன விபத்துகள் அதற்கு முன்பும் நடந்திருந்தன. 1990களில் ஜேர்மன் விமானத்துறை ஆணை போட்டது: பின் போட்டே ஆகவேண்டும், அல்லது வேடெகிண்ட் உறை என்று ஒன்றைப் பொருத்தவேண்டும். ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஒரு சின்னக் குழாய் அது. நாக்கு முழுக்க ஓடாவிட்டால் உறை தன் இடத்துக்கு வராது, பார்த்ததும் தெரியும். கழகத்தின் கிளைடர்களுக்கு நான் என் கையாலேயே பொருத்தினேன். ஒரு விரல் நீளச் சாமான். புதிய கிளைடர்களில் இந்தக் கவலையே இல்லை, இறக்கையைச் செருகும்போதே தடிகள் தாமாக இணைந்துகொள்ளும்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். கிளைடர் என்றில்லை, விமான வேலையில் இருக்கும் எல்லோரும்.

அக்கரைப்பற்று, இப்போது வளைகுடாவில்

அண்ணன், நான் பெரிய விமானங்களில் வேலை செய்யும் டெக்னீசியன். உங்கள் மருமகனுக்கு வந்த கடிதத்தை நாங்கள் ஏ.டி. என்போம். தமிழில் விமானத் தகுதி ஆணை என்று சொல்லலாம். விமானத்தை வடிவமைத்த நாட்டின் அதிகாரசபை அதை வெளியிடும். ஐரோப்பாவில் இப்போது ஈயாசா எனப்படும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை. தயாரித்த கம்பனி அனுப்பும் சேவை அறிவித்தல் வெறும் ஆலோசனையாகவும் இருக்கலாம், ஆனால் அதே விசயம் ஏ.டி. ஆகிவிட்டால் செய்யாமல் பறப்பது சட்டவிரோதம். சிலதில் "அடுத்த பறப்புக்கு முன்" என்று இருக்கும், சிலதில் இத்தனை மணித்தியாலத்துக்குள் என்றிருக்கும். ஒரே தடவையில் முடிவதும் உண்டு, வருடாவருடம் திரும்பப் பார்க்கவேண்டியதும் உண்டு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வால்வுக்கு ஏ.டி. வந்தது. குறிப்பிட்ட தொடர் இலக்கங்கள் உள்ள வால்வுகளை மாற்றவேண்டும். பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் நாலு வருடத்துக்கு முன்பே செய்து முடித்ததாகக் கையெழுத்து இருக்கிறது. நான் மூடிவைக்கப் போனேன். எங்கள் மேற்பார்வையாளர், பாலக்காட்டுக்காரர், "புத்தகத்தைப் பார்த்தாய், வால்வைப் பார்த்தாயா?" என்றார். லைட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் இலக்கத்தை வாசித்தேன். பட்டியலில் உள்ள இலக்கம்! இடையில் யாரோ பழுது என்று கழற்றி, வேறு விமானத்திலிருந்து எடுத்த வால்வைப் போட்டிருக்கிறார்கள். திருத்தம் செய்த வால்வு போய்விட்டது, செய்யாதது வந்து உட்கார்ந்துவிட்டது. புத்தகம் மட்டும் சுத்தமாக இருந்தது.

கிளைடரிலும் இது நடக்கலாம். கொக்கி, பெல்ட், உயரமானி எல்லாம் கைமாறும் சாமான்கள். தம்பியிடம் சொல்லுங்கள், ஆணையின் முதல் பக்கத்தில் எந்த மாடலுக்கு, எந்த இலக்கத்துக்கு என்று இருக்கும். அதைப் பாகத்தின் மேல் அடித்திருக்கும் இலக்கத்தோடு வைத்துப் பார்க்கட்டும்.

துளைக்குள் போடும் பின்னைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததும் எங்கள் வாப்பாதான் ஞாபகம் வந்தார். வெள்ளாமை வெட்டு நேரம், உழவு மெசினில் பெட்டியைக் கொழுவினால் கொக்கிப் பின்னுக்குக் கீழே ஒரு கம்பி போட்டு வளைத்துவிட்டுத்தான் எடுப்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், பெட்டிக்குள் மூட்டைக்கு மேலே இருப்போம். கம்பி இல்லையென்றால் எத்தனை மணியானாலும் மெசின் நகராது.

கல்முனை, முன்பு வியன்னாவில்

நான் கிளைடர் படித்தது பிளானிக் எல்-13இல். செக் நாட்டுத் தயாரிப்பு, முழுக்க அலுமினியம், இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருக்கலாம். 1956இல் முதலில் பறந்தது. இரண்டாயிரத்துக்கும் மேல் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். எத்தனையோ நாடுகளில் மாணவர்கள் முதலில் ஏறியது அதில்தான்.

2010 ஜூன் 12, சனிக்கிழமை. ஒஸ்திரியாவில் ஒரு பிளானிக்கின் வலது இறக்கை பறக்கும்போதே கழன்றது. இருவர் இறந்தார்கள். நான் அப்போது வேறு கழகத்தில், அதே மாடலில், தனியாகப் பறக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். செய்தி வந்த பின்னேரம் எங்கள் பயிற்சியாளர் கொட்டகைக் கதவை இழுத்து மூடிவிட்டு, "இதை இனி யாரும் தொடவேண்டாம்" என்றார். ஆணை அதற்குப் பிறகுதான் வந்தது.

முதலில் இறக்கையின் அடிப்பக்கத்தைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். இறக்கைக்குள் முதுகெலும்புபோல் ஓடும் ஸ்பார், உடம்போடு சேரும் இடத்துக்குக் கிட்ட உலோகக் களைப்பினால் உடைந்திருந்தது. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும், ஒவ்வொரு சாகசத் திருப்பத்திலும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துக்கொண்டே வந்திருக்கும். வெடிப்பு தகடுகளுக்கு நடுவில், ஆணித் துளைகளுக்குள்ளே. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பமுடியாது என்று தெரிந்ததும் முழுதாகப் பறக்கத் தடை வந்தது.

எனக்கு வயது பத்தொன்பது. இரண்டு கோடைக்குச் சேர்த்த காசு. கோபமும் அழுகையுமாக இருந்தேன். ஏன், எங்கள் பிளானிக் அவ்வளவு பழசில்லையே, அதில் சாகசம் செய்ததேயில்லையே என்று வாதாடினேன். பயிற்சியாளர் பதிவுப் புத்தகத்தை என் கையில் தந்து, "முதல் இருபது வருடம் இது யாரிடம் இருந்தது, என்ன செய்தார்கள் என்று இதில் காட்டு" என்றார். வேறு நாட்டிலிருந்து வாங்கியது. பக்கத்துக்குப் பக்கம் மணித்தியாலம் மட்டும்தான் இருந்தது. எப்படிப் பறந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

சில வருடம் கழித்து ஸ்பாரை வலுப்படுத்தும் திருத்தத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அந்தச் செலவு பழைய பிளானிக்கின் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. எங்களுடையது திரும்பப் பறக்கவே இல்லை. நான் அடுத்த வருடம் வேறு மாடலில் தனியாகப் பறந்தேன். இறங்கி வந்து முதலில் கொட்டகைக்குள் போய் அந்தப் பிளானிக்கின் இறக்கையைத் தொட்டேன். அது ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாழைச்சேனை

அண்ணன், எனக்கு இதெல்லாம் புதுசு. என் மகள் பிரான்சில் இருக்கிறாள். நான் அங்கே போகும்போது கிளைடரில் ஏற்றிக் காட்டுகிறேன் என்கிறாள். பின்னால் இருக்கப்போகும் நான் எதைக் கேட்கவேண்டும்? கேட்டால் பிழையாக நினைப்பார்களா?

கல்லடியிலிருந்து

தங்கச்சி, கட்டாயம் கேளுங்கள். நல்ல கழகத்தில் யாரும் பிழையாக நினைக்கமாட்டார்கள். விமானத் தகுதி மீளாய்வுச் சான்றிதழின் திகதியைக் காட்டச் சொல்லுங்கள், ஐரோப்பாவில் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். இந்த மாடலுக்கு வந்த ஆணைகள் எல்லாம் முடிந்ததா என்று மகளையே கேளுங்கள். பட்டியல் பதிவுக் கோப்பில் இருக்கும். அன்றைக்குக் காலையில் பூட்டிய கிளைடர் என்றால், எயிலரனை ஒருவர் பிடிக்க மற்றவர் ஸ்டிக்கைத் தள்ளும் சோதனையை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள்.

வின்சில் ஏற்றுவதென்றால் கம்பிக்கும் கிளைடருக்கும் நடுவில் ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். இழுவை அளவுமீறினால் அதுதான் முதலில் முறியும், விமானம் தப்பிவிடும். பலத்துக்கு ஒரு நிறம்: கறுப்பு, மண்ணிறம், சிவப்பு, நீலம், வெள்ளை என்று இறங்கிக்கொண்டு போகும். எந்த நிறம் போடவேண்டும் என்பது அந்த மாடலின் கைநூலில் இருக்கும். கம்பியை விடுவிக்கும் கொக்கிக்கும் கணக்கு உண்டு. எங்கள் காலத்தில் 2,000 தடவை ஏற்றியதும் கழற்றிச் செம்மைபார்க்க அனுப்பவேண்டும். ஒருமுறை எண்ணிக்கை பிந்திவிட்டதென்று எங்கள் பரிசோதகர் போட்டி நாளிலேயே ஒரு கிளைடரை நிறுத்தினார். கழற்றிப் பார்த்தபோது கொக்கியின் உள்ளே ஸ்பிரிங் ஒன்று முறிந்துகிடந்தது.

கல்முனைத் தங்கச்சி எழுதியதை மருமகனுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுகா, "மாமா, அந்தப் புல்லில் இருந்தவர் இப்ப எங்க?" என்று கேட்டான்.

அவர் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. ஒவ்வொரு நத்தாருக்கும் கடிதம் போடுவார். போன முறை எழுதியதில், அந்தக் கிளைடரை ஒரு இளம் பெடியனுக்கு விற்றுவிட்டதாகச் சொல்லியிருந்தார். காசை எண்ணுவதற்கு முன்பு அவனைக் கொண்டு இறக்கைகளைப் பூட்டவைத்தாராம். உறைகள் நாலையும் கையால் தொடச் சொன்னாராம். பிறகு தானே எழும்பிப் போய், வலது எயிலரனைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.