மறு: செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு "அரைத்தானியங்கி" சரியா?

எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டு வாரமா நான் எதுவும் எழுதல, ஆனா வந்த மடல் எல்லாத்தையும் படிச்சுட்டுதான் இருந்தேன். பேச்சு ஆரம்பிச்சதே நான் கேட்ட கேள்வியாலதான், அதனால இப்ப என் பக்கத்தைச் சொல்லிடறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. புதுசா சேர்ந்தவங்களுக்காக ஒரு வரி: அமெரிக்காவுல சட்டப்படி பிஸ்டல் வாங்கி உடம்போட மறைவா வச்சுக்கப் போற நம்ம ஆளுங்களுக்கு, எதைப் பாத்து வாங்கணும் எப்படிக் கையாளணும்னு ஒரு சின்ன கையேடு தமிழ்ல எழுதிட்டிருக்கேன். பயிற்சி எல்லாம் இங்கிலீஷ்லதான் நடக்குது, வாங்கறவர் அதைப் படிச்சுப்பார், ஆனா அதே வீட்ல அவரோட அம்மா அப்பா இருப்பாங்க, வீட்டுக்காரம்மா இருப்பாங்க, அவங்க கைக்கு ஒரு தமிழ்க் காகிதம் போய்ச் சேரணும்ங்கறதுதான் என் எண்ணம். அதுல வர்ற இங்கிலீஷ் சொல்லுக்கெல்லாம் தமிழ்ச் சொல் தேடறதுதான் இந்தப் பேச்சு.

முதல்ல "அரைத்தானியங்கி". ஐயா, நீங்க சொன்னபடி இலக்கணத்துல ஒரு குறையும் இல்ல, அகராதியில போட்டா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. ஆனா "அரை"ன்னு சொன்னதும் படிக்கறவர் மனசுல பாதி வேகம், பாதி ஆபத்துன்னு ஒரு நெனப்பு வந்துடுது. அந்த பிஸ்டல்ல எதுவுமே பாதி நடக்கறதில்ல. சுடறது கொஞ்சம்கூட தானா நடக்காது, ஒவ்வொரு குண்டுக்கும் விரலைத் தளர்த்தி மறுபடி அழுத்தியாகணும். ஆனா தோட்டா ஏத்தற வேலை முழுக்க முழுக்க தானா நடக்குது. சுட்ட உதைல மேல்பாகம் பின்னால ஓடி, சுட்ட தோட்டாவோட வெறும் கோதைப் பிடிச்சு வெளிய எறியுது, அப்புறம் ஸ்பிரிங் அதை முன்னால தள்ளும்போது தோட்டா அடுக்கியிருக்கற கூட்டோட (மேகசினோட) வாயில நிக்கற அடுத்த தோட்டாவை அள்ளிட்டுப் போய் குழாயோட அடியில இருக்கற அறையில வச்சு அடைச்சிடுது. கண் மூடித் திறக்கறதுக்குள்ள இவ்வளவும் முடிஞ்சுடும். அப்ப எது தானா நடக்குதோ அதைத்தானே பேர் சொல்லணும்?

ஜெர்மன்காரங்க இதுக்கு ஆரம்பத்துலருந்தே "தானே ஏத்திக்கற பிஸ்டல்"னு பொருள் வர்ற மாதிரி "ஸெல்ப்ஸ்ட்லாடபிஸ்டோலெ"ன்னுதான் பேர் வச்சிருக்காங்க, பிரிட்டிஷ் ராணுவமும் ரொம்ப வருஷம் தன்னோட ரைஃபிளை "செல்ஃப் லோடிங்"னுதான் கூப்பிட்டுது. குழப்பமே "ஆட்டோமேட்டிக்"ங்கற சொல்லால வந்ததுதான். பிரௌனிங் வடிவமைச்சு 1911ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட கோல்ட் பிஸ்டலோட தோட்டாவுக்குப் பேரு .45 ஏசிபி, அதாவது ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல், ஆனா அந்த பிஸ்டல் ஒரு அழுத்துக்கு ஒரு குண்டுதான் சுடும். அங்கயே பேர் தடுமாறியிருக்கு, அந்தத் தடுமாற்றத்தைப் போய் நாம ஏன் மொழிபெயர்க்கணும்?

நான் இவ்வளவு பிடிவாதமா நிக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு பயிற்சி வகுப்புல எனக்குப் பக்கத்து மேசையில ஒரு பெரியவர், எழுபதை ஒட்டி இருக்கும், தமிழ்க்காரர், மகனோட வந்திருந்தார். மகன் அஞ்சாறு குண்டு சுட்டுட்டு, பிஸ்டலை மேசையில வச்சு, அடியிலருந்து மேகசினை உருவி எடுத்துக் காட்டி, "அவ்ளோதான்ப்பா, இப்ப காலி"ன்னார். பெரியவர் கையை நீட்டி எடுக்கப் போனார். பயிற்சி தர்றவர் ஒரே எட்டுல வந்து அவர் கை மேல தன் கையை வச்சார், பிஸ்டலை இலக்குப் பக்கமாவே திருப்பிப் பிடிச்சு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தார், ஒரு முழுத் தோட்டா துள்ளி மேசையில விழுந்து உருண்டுச்சு. பித்தளை உடம்பு, செம்பு மூக்கு, இன்னும் சுடாத தோட்டா. பெரியவர் அதையே பாத்துட்டு, "அதான் வெளிய எடுத்துட்டியே, இது எங்கருந்துடா வந்துச்சு?"ன்னு கேட்டார். மகன் கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, "கடைசியா சுட்டப்போ அதுவே ஏத்திக்கிச்சுப்பா"ன்னார்.

எனக்கு வேண்டிய சொல் அந்த மகன் வாயிலருந்து வந்துடுச்சு. தானேற்றி. "தானேற்றிக் கைத்துப்பாக்கி", சுருக்கமா "தானேற்றி". இந்தப் பேரைக் கேட்ட யாரும் மேகசினை எடுத்துட்டதால மட்டும் காலின்னு நம்ப மாட்டாங்க, ஏன்னா அது தானா ஏத்தி வச்சிருக்கும்ங்கறது பேர்லயே இருக்கு. விசையை அழுத்திப் பிடிச்சா நிக்காம சுடற வகைக்கு "தொடர்சுடு துப்பாக்கி"ன்னு அக்கா முன்னாடியே சொன்னாங்க, அது அப்படியே இருக்கட்டும், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நல்லா நிக்குது. உருளை சுத்தற ரிவால்வருக்கு "சுழல் துப்பாக்கி" ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, அதைத் தொட வேண்டாம்.

இதுலருந்தே மேகசின், சேம்பர் ரெண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேணும்னு ஆகுது. சேம்பருக்கு "அறை" போதும். மேகசினுக்கு ஈழத்து அண்ணன் "ரவைக்கூடு" கொடுத்தார், நல்ல சொல், அவங்க பக்கம் நடப்புல இருக்கற சொல், ஆனா தமிழ்நாட்டு ஆளுக்கு ரவைன்னா வேற ஒண்ணுதான் கண்ணு முன்னால வரும். கூட்டை மட்டும் கடன் வாங்கி "தோட்டாக்கூடு"ன்னு வச்சுக்கலாம்ங்கறேன். சுட்டு முடிச்ச வெறும் பித்தளைக்கு அவர் சொன்ன "கோது" அப்படியே வேணும், தோட்டாக்கோது, வெற்றுக்கோது, அதைவிடப் பொருத்தமா எனக்கு ஒண்ணும் தோணல.

இப்ப பெரிய சிக்கல், கன்சீல்டு கேரி, அதாவது துப்பாக்கியை வெளிய தெரியாம உடம்போட வச்சுக்கறது. இதுக்குத்தான் பாதி மடல் போயிருக்கு. வந்த சொல் ஒவ்வொண்ணையும் நான் வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன். "மறைகாவு": ஈழத்துல காவுதல்னா தூக்கிட்டுப் போறது, கொசுவை நோய்க்காவின்னு சொல்றாங்க, அழகான வினை. ஆனா தமிழ்நாட்டுல காவுன்னா பலி, காவு கேக்குது காவு வாங்கிடுச்சுன்னுதான் பேச்சு, துப்பாக்கி பத்தின காகிதத்துல அந்தச் சொல் வந்தா படிக்கறவர் நடுங்கிடுவார். "மறைதரிப்பு": தமிழ்நாட்டுக் காதுக்கு ஆயுதம் தரிச்சவன்னு பொருந்தி வருது, ஆனா ஈழத்துல வண்டி நிறுத்தற இடம்தான் தரிப்பிடம். ஒருத்தருக்குச் சரியா வர்றது இன்னொருத்தருக்கு உதைக்குது. "மறைத்தேந்தல்"ல ஏந்தறதுன்னா கையில பிடிச்சுக் காட்டற மாதிரி இருக்கு, மறைக்கறதுக்கு நேர் எதிர். "ஒடுங்குபடை"ன்னு ஐயா குறள்லருந்து எடுத்துக் கொடுத்தார், தொழுதகை உள்ளும் படையொடுங்கும், அந்த ஒடுங்குங்கற வினையை நெனச்சா உடம்பு சிலிர்க்குது, ஆனா அது கூடா நட்பு அதிகாரம், அங்க ஆயுதத்தை ஒளிச்சு வச்சுக் கும்புடறவன் பகைவன். உரிமம் வாங்கி, கைரேகை கொடுத்து, வகுப்புக்குப் போய்ட்டு வந்த ஒரு மனுஷனுக்கு அந்தப் பேரை வைக்க எனக்கு மனசு வரல.

"இடுப்பில் மறைத்து வைத்திருந்த"ன்னு தொடங்கற வரியை நாம செய்தித்தாள்ல எத்தனை தடவை படிச்சிருப்போம், அடுத்து வர்றது கத்திக்குத்தாத்தான் இருக்கும். மறைத்தல், ஒளித்தல், செருகல் எல்லாத்துலயும் அந்த வாடை ஒட்டிக்கிட்டிருக்கு. அதுலயும் "செருகல்" வேணவே வேணாம், வாடைக்காக மட்டும் சொல்லல. இடுப்புத் துணிக்குள்ள வெறுமனே செருகி வைக்கறதுதான் இதுல செய்யக்கூடாத முதல் காரியம். விசையை முழுசா மூடற கெட்டியான உறை இல்லாம உடம்புல வச்சா, சட்டை நுனியோ விரலோ விசையில மாட்டிக்க வாய்ப்பிருக்கு. செருகுன்னு நாமளே பேர் வச்சா செருகத்தான் செய்வாங்க.

அதனால நான் சொல்றது "அணி". காலையில போட்டா ராத்திரி கழட்டற வரைக்கும் உடம்போட இருக்கறது, உறையும் பெல்ட்டும் சேர்ந்துதான் முழுமை, அளவு பாத்துதான் வாங்கணும், ஒருத்தருக்குப் பொருந்தறது இன்னொருத்தருக்குக் குத்தும். இவ்வளவும் அணியறதுங்கற வினைக்குள்ள இருக்கு. "மறைவணி", அதுக்கு எதிரா எல்லாரும் பாக்கற மாதிரி வச்சுக்கறதுக்கு "வெளியணி". மறைவணி உரிமம், மறைவணி உறை, மறைவணித் துப்பாக்கி, எங்க ஒட்டினாலும் ஒட்டுது. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலம் 2013ல கடைசியா சட்டம் போட்டதோட எல்லா மாநிலத்துலயும் ஏதோ ஒரு வகையில இதுக்கு இடம் வந்துடுச்சு, இப்ப பாதிக்கு மேல மாநிலங்கள்ல உரிமமே கேக்கறதில்ல, இன்னும் சில இடத்துல வகுப்பும் தேர்வும் உண்டு, வெளியணிக்கு விதி தனி, அதனால சட்டம் பேசும்போதும் இந்த இணைச்சொல் நமக்கு வேணும். அணின்னா குழுன்னும் பொருள் வருமே, ஏதோ ரகசியப் படை மாதிரி இருக்கேன்னு கேப்பீங்க. எனக்கும் அது உறுத்துது. ஆனா பக்கத்துல "உரிமம்"னோ "உறை"ன்னோ ஒரு சொல் வந்தா அந்தக் குழப்பம் போயிடுது, மத்த சொல்லோட குறையை ஒப்பிட்டா இது தாங்கிக்கக் கூடியதுதான்.

தேர்வு பண்றதைப் பத்தின பகுதியில வர்ற சொல்லெல்லாம் அவ்வளவு கஷ்டமில்ல. துணிக்கு மேல துப்பாக்கியோட வடிவம் எட்டிப்பாக்கறதுக்கு "புடைப்பு"ன்னு போட்டேன், சட்டை புடைச்சுக்கிட்டு தெரியுதுன்னு நாம சொல்றதுதான். புடைக்க வைக்கறது பெரும்பாலும் கைப்பிடியோட நீளம்தான், குழாய் உடம்போட கீழ இறங்கிடும், கைப்பிடி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். சரி அப்ப ஆகச் சின்னதா வாங்கிடலாம்னு போனா, எடை குறைய குறைய பின்னுதைப்பு கையில அதிகமா தெரியும், சுண்டுவிரலுக்குப் பிடி கிடைக்காது, ரெண்டாவது குண்டு எங்க போகும்னு சொல்ல முடியாது. இந்த இழுபறியைத்தான் தயாரிக்கறவங்க வருஷக்கணக்கா தீர்க்கப் பாக்கறாங்க, 2015ல வந்த க்ளாக் 43ல ஒற்றை வரிசைக் கூட்டுல 6 தோட்டா, 2018ல வந்த ஸிக் பி365ல கிட்டத்தட்ட அதே உடம்புக்குள்ள தோட்டாக்களை மாத்தி மாத்தி அடுக்கி 10. "ஒற்றை வரிசை", "இரட்டை வரிசை"ன்னு எழுதினா எல்லாருக்கும் புரியும். ஒரு எச்சரிக்கை மட்டும் இங்க சேக்கணும், .380, 9 எம்எம்ங்கற ரெண்டு வகைத் தோட்டாவும் குண்டோட பருமன்ல கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா கோதோட நீளம் 17 மில்லிமீட்டர், 19 மில்லிமீட்டர்னு வேற, ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போடக்கூடாது. அதனால குறுவிட்டத்தை (காலிபரை) மட்டும் சொன்னா போதாது, தோட்டாவோட முழுப்பேரையும் எழுதணும்.

"குதிரை"யை ட்ரிகருக்கு வைக்கணும்னு தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். தம்பி, பழைய துப்பாக்கியில பின்னால வளைஞ்சு நின்னு அடிக்குமே, அதுதான் குதிரை. இப்ப மறைவணிக்கு வாங்கற பிஸ்டல் நெறைய அந்தக் குதிரை இல்லாம உள்ளுக்குள்ள ஊசியாலேயே அடிக்கறது, அதனால "குதிரை வகை", "ஊசி வகை"ன்னு பிரிக்க அந்தச் சொல் நமக்கு வேணும், ட்ரிகர் விசையாவே இருக்கட்டும்.

பாக்கி இருக்கறது ஸ்லைடு. மேல ரெண்டு மூணு இடத்துல "மேல்பாகம்"னு எழுதிச் சமாளிச்சேன். சறுக்கி, நழுவி, வழுக்கி எதுவும் எனக்கு ஒட்டல. "மேலோடு"ன்னு ஒண்ணு தோணுது, மேல மூடியிருக்கற ஓடு, முன்னும் பின்னும் ஓடறதாலயும் ஓடு, பூமியோட மேலோடுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சது குறுக்க வருமாங்கறதுதான் கேள்வி. கையேட்டோட முதல் பக்கத்துல பெரிய எழுத்துல வரப்போற வரியில அதைப் போட்டுத் தர்றேன்:

"குழாயை யார் பக்கமும் திருப்பாதே. விசையில் விரல் வைக்காதே. முதலில் தோட்டாக்கூட்டை வெளியே எடு. பிறகு மேலோட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடி. அறைக்குள் கண்ணால் பார், விரலால் தடவிப் பார். வரிசையை மாற்றாதே: கூடு உள்ளே இருக்கும்போது மேலோட்டை இழுத்து விட்டால், தானேற்றி அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடும்."

உங்க வீட்ல துப்பாக்கியையே தொட்டுப் பாக்காத யாராவது பெரியவங்க இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க, விளக்கம் எதுவும் சொல்லாம. எந்தச் சொல்லுல நின்னு "அப்படின்னா?"ன்னு கேக்கறாங்களோ அதை எனக்கு எழுதுங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்காம வச்சிருக்கேன்.